வாட்டர் கலர் செட் வாங்கப் போறீங்களா? எத்தனை கலர்னு எண்ணாதீங்க... டியூப்பில் இருக்கும் இந்தக் குறியீட்டைப் பாருங்க!

பிள்ளையை ஓவிய வகுப்பில் சேர்த்தாச்சு. ‘வாட்டர் கலர் செட் வாங்கிட்டு வாங்க’ன்னு மாஸ்டர் சொல்லிட்டார். கடைக்குப் போனால் 12 கலர், 24 கலர், 36 கலர் என்று வரிசையாக டப்பாக்கள். ஆன்லைனில் தேடினால் இன்னும் குழப்பம். ஒன்றின் விலைக்கும் இன்னொன்றின் விலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் எல்லா டப்பாவிலும் ‘ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி’ என்றுதான் எழுதியிருக்கிறது.

எதை வாங்குவது? பெரும்பாலானவர்கள் கலர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு எடுக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. மட்டமான பெயின்ட்டில் எவ்வளவு முயன்றாலும் படம் சேறு பூசியது போலத்தான் வரும். ‘எனக்கு வரைய வரலை’ என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடும் பல பேருக்கு, உண்மையில் பிரச்னை கையில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. நல்ல செட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- கலர் எண்ணிக்கையை விட, உள்ளே இருக்கும் நிறமிதான் முக்கியம்.
- கலரின் பெயரை நம்ப வேண்டாம். நிறமிக் குறியீட்டைப் பார்க்கவும்.
- வெளிச்சம் தாங்கும் திறன் எவ்வளவு என்று குறிப்பிடாத செட்டை, பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.
- 36 மட்டமான கலர்களை விட 8 நல்ல கலர்கள் மேல்.

வாட்டர் கலருக்குள்ளே என்ன இருக்கு?

வாட்டர் கலரில் முக்கியமாக இருப்பவை மூன்று. முதலாவது நிறமி, அதாவது நிறத்தைத் தரும் நுண்ணிய பொடி. இரண்டாவது, அந்தப் பொடியைப் பேப்பரில் பிடித்து வைக்கும் பிசின். அக்கேசியா வகை மரங்களில் இருந்து எடுக்கப்படும் ‘கம் அராபிக்’ என்ற பிசின்தான் காலங்காலமாக இதற்குப் பயன்படுகிறது. மூன்றாவது, பெயின்ட் கல்லாகக் காய்ந்துவிடாமல் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும் பொருள். சில நிறுவனங்கள் கிளிசரின் சேர்க்கும், சில தேன் சேர்க்கும்.

நிறமிதான் இதில் விலை அதிகம். அதனால் விலையைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் கை வைப்பது நிறமியில்தான். அதன் அளவைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை வெள்ளையான நிரப்புப் பொடிகளால் ஈடுகட்டுவார்கள். டியூப்பில் இருக்கும்போது கலர் பளிச்சென்று தெரியும். பேப்பரில் பூசிக் காய்ந்ததும் மேலே பால் படிந்த மாதிரி மங்கலாகிவிடும்.

வாட்டர் கலரின் அழகே அது கண்ணாடி மாதிரி இருப்பதுதான். வெளிச்சம் கலரை ஊடுருவி, கீழே இருக்கும் வெள்ளைப் பேப்பரில் பட்டுத் திரும்பி வரும். நிரப்புப் பொடி அதிகமானால் இந்த ஊடுருவல் தடைபடும். படத்தில் உயிர் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் ஒண்ணா?

இல்லை. பள்ளிகளில் பரவலாகப் பயன்படும், சின்ன பாட்டிலில் வரும் போஸ்டர் கலரும் தண்ணீரில் கரையும்தான். ஆனால் அது அடியில் இருப்பதை மறைக்கும் வகை. சார்ட், போஸ்டர், பொம்மை, பானை ஆகியவற்றில் பூச அது சரி. மேகம், தண்ணீர், மூடுபனி என்று மெல்லிய அடுக்குகளாக வரைய வேண்டுமானால் வாட்டர் கலர்தான் வேண்டும். கடையில் கேட்கும்போதே தெளிவாகக் கேட்டு வாங்குங்க.

ஸ்டூடன்ட் தரம், ஆர்ட்டிஸ்ட் தரம்: என்ன வித்தியாசம்?

பல நிறுவனங்கள் இரண்டு தரத்திலும் பெயின்ட் தயாரிக்கின்றன. 1832-ல் லண்டனில் தொடங்கப்பட்ட வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தில் ‘காட்மன்’ என்பது மாணவர் வரிசை, ‘புரொஃபஷனல்’ என்பது ஓவியர் வரிசை. நெதர்லாந்தின் ராயல் டாலன்ஸ் நிறுவனத்தில் ‘வான்கோ’, ‘ரெம்பிராண்ட்’ என்று இரண்டு வரிசைகள் உண்டு. நம்ம ஊர் ஸ்டேஷனரி கடைகளில் எல்லாருக்கும் பழக்கமான ‘கேமல்’ பிராண்டிலும் மாணவர்களுக்குத் தனி, ஓவியர்களுக்குத் தனி என்று டியூப்கள் வருகின்றன. 1931-ல் தொடங்கப்பட்ட கேம்லின் நிறுவனம், இப்போது ஜப்பானின் கோகுயோவுடன் இணைந்து ‘கோகுயோ கேம்லின்’ என்ற பெயரில் இயங்குகிறது.

பொதுவாக இரண்டு தரத்துக்கும் உள்ள வேறுபாடுகள் இவை:

- நிறமியின் அளவு: ஆர்ட்டிஸ்ட் தரத்தில் அதிகம். கொஞ்சம் எடுத்தாலே நிறைய இடம் பூசலாம்.
- நிறமியின் வகை: கோபால்ட், காட்மியம் போன்ற விலை உயர்ந்த நிறமிகளுக்குப் பதிலாக, மாணவர் தரத்தில் அதே மாதிரி தெரியும் மலிவான கலவை இருக்கும். அப்படி இருந்தால் பெயருடன் ‘ஹியூ’ என்ற சொல் சேர்ந்திருக்கும். ‘காட்மியம் ரெட் ஹியூ’ என்றால் காட்மியம் சிவப்பு போலத் தெரியும் வேறு நிறமி என்று பொருள்.
- விலை: மாணவர் தரத்தில் எல்லா டியூப்பும் ஏறக்குறைய ஒரே விலை. ஆர்ட்டிஸ்ட் தரத்தில் ‘சீரிஸ் 1, 2, 3, 4’ என்று எண் இருக்கும். நிறமியின் விலை ஏற ஏற சீரிஸ் எண்ணும் ஏறும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. ‘ஆர்ட்டிஸ்ட்’, ‘புரொஃபஷனல்’ என்ற சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே வரையறை கிடையாது. டப்பாவில் அச்சிட்டிருப்பதால் மட்டும் அது ஓவியர் தரம் ஆகிவிடாது. அப்படியானால் எதை நம்புவது?

பெயரை விடுங்க, குறியீட்டைப் பாருங்க

நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு டியூப்பிலும் ஒரு சிறிய குறியீட்டை அச்சிடும். இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்தது அது. ‘பிக்மென்ட் ப்ளூ’ என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளோடு 29 என்று இருந்தால், அது அல்ட்ராமரைன் நீலம். ‘பிக்மென்ட் கிரீன்’ 7 என்றால் தாலோ பச்சை. ‘பிக்மென்ட் பிரவுன்’ 7 என்றால் மண்ணில் இருந்து கிடைக்கும் பழுப்பு வகை.

‘கலர் இண்டெக்ஸ்’ எனப்படும் உலகளாவிய பட்டியலில் இருந்து எடுக்கப்படும் குறியீடு இது. கம்பெனி எதுவானாலும், பெயர் எதுவானாலும், குறியீடு ஒன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் நிறமியும் ஒரே வகைதான்.

பெயர் ஏன் நம்பகமானது இல்லை? ‘இந்தியன் யெல்லோ’ என்ற மஞ்சளையே எடுத்துக்கோங்க. மாவிலை தின்ற மாடுகளின் சிறுநீரில் இருந்து பீகாரின் முங்கேர் அருகே இது தயாரிக்கப்படுவதாக, 1883-ல் திரைலோக்யநாத் முகர்ஜி என்பவர் லண்டனுக்கு எழுதி அனுப்பினார். அந்தத் தயாரிப்பு பிறகு நின்றுபோனது. ஆனால் ‘இந்தியன் யெல்லோ’ என்ற பெயரில் இன்றும் டியூப்கள் விற்பனையில் இருக்கின்றன. உள்ளே இருப்பது நவீன ரசாயன நிறமி. அதுவும் கம்பெனிக்கு கம்பெனி வேறு வேறு. அதாவது பெயர் என்பது வெறும் பெயர்தான்.

குறியீட்டைப் பார்க்கும்போது, ஒரு டியூப்பில் எத்தனை நிறமி கலந்திருக்கிறது என்பதையும் பாருங்க. ஒரே ஒரு குறியீடு இருந்தால் நல்லது. மூன்று நிறமி கலந்த ஒரு பச்சையை, மூன்று நிறமி கலந்த ஒரு சிவப்போடு சேர்த்தால், பேப்பரில் ஆறு நிறமி கலக்கிறது. விளைவு, குழம்பிய பழுப்பு. ‘நான் எதைக் கலந்தாலும் சேறு மாதிரி ஆகுது’ என்று புலம்புவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

வெயிலில் வெளுக்கும் கலர்கள்: காசுக்கும் பெயருக்கும் ஆபத்து

இந்த விஷயத்தில் கவனம் தேவை. எல்லா நிறமிகளும் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. சில கலர்கள், ஜன்னல் ஓரம் மாட்டிய சில மாதங்களிலேயே வெளுத்துப் போகும்.

இது புதிய பிரச்னை இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர் டர்னர், வெளிச்சம் தாங்காத சிவப்பு வகைகளைப் பயன்படுத்தினார். அவரது சில படங்களில் வானத்துச் செம்மை மங்கிவிட்டது. வாட்டர் கலர் மீது வெளிச்சம் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்து ரஸல், ஆப்னி என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1888-ல் அறிக்கையே கொடுத்தார்கள்.

இன்றும் கடைகளில் கிடைக்கும் கலர்களில் கவனிக்க வேண்டியவை:

- அலிசரின் கிரிம்சன்: குறியீடு ‘பிக்மென்ட் ரெட்’ 83 என்றால் வெளுக்கும் வகை. ‘பெர்மனன்ட்’ என்ற சொல்லோடு வருபவை பொதுவாக வேறு நிறமியில் செய்த மாற்று. குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.
- ஓபரா பிங்க்: காகிதப்பூ நிறத்தில் கண்ணைப் பறிக்கும் ரோஸ். அதில் இருக்கும் ஒளிரும் சாயம் வேகமாக வெளுக்கும்.
- நியான், ஃப்ளோரசன்ட் கலர்கள்: பொதுவாக இவை எதுவுமே நீண்ட நாள் நிற்காது.

பயிற்சி நோட்டுக்கு என்றால் கவலை இல்லை. நோட்டு மூடித்தான் இருக்கப்போகிறது. ஆனால் போட்டோ பார்த்து உருவப்படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பவர்கள், கல்யாணப் பரிசாகப் படம் செய்து கொடுப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது. வாங்கியவர் வீட்டு ஹாலில் ஒரே வருஷத்தில் முகத்தின் சிவப்பு போய் வெளிறிவிட்டால், பெயர் கெடுவது பெயின்ட் கம்பெனிக்கு இல்லை, வரைந்தவருக்குத்தான்.

வெளிச்சம் தாங்கும் திறனையும் டியூப்பிலோ நிறுவனத்தின் கலர் அட்டவணையிலோ பார்க்கலாம். ஏஎஸ்டிஎம் தர அளவில் ஒன்று என்றால் மிகச் சிறப்பு, இரண்டு என்றால் நன்று, மூன்று என்றால் போதாது. வின்சர் அண்ட் நியூட்டன் ஏஏ, ஏ, பி, சி என்று எழுத்துகளில் தருகிறது. அதில் முதல் இரண்டும் நம்பகமானவை. சில நிறுவனங்கள் நட்சத்திரம் போடும். நட்சத்திரம் கூடினால் திறன் கூடுதல்.

36 கலர் எதுக்கு? 8 போதும்!

கலர்களைக் கலக்கக் கற்றுக்கொண்டால் 8 டியூப்பிலேயே ஏறக்குறைய எல்லா நிறமும் கிடைக்கும். ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு சாயல், கூட இரண்டு மண் நிறங்கள். இதுதான் கணக்கு.

1. எலுமிச்சை மஞ்சள்
2. ஆரஞ்சு சாயல் கொண்ட மஞ்சள்
3. ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்பு. ‘பைரோல்’ வகை என்றால் நல்லது
4. ரோஸ் சாயல் கொண்ட சிவப்பு, அதாவது குவினாக்ரிடோன் ரோஸ். குறியீடு ‘பிக்மென்ட் வயலட்’ 19
5. அல்ட்ராமரைன் நீலம், ‘பிக்மென்ட் ப்ளூ’ 29
6. தாலோ நீலம், ‘பிக்மென்ட் ப்ளூ’ 15
7. யெல்லோ ஓக்கர், ‘பிக்மென்ட் யெல்லோ’ 42 அல்லது 43
8. பர்ன்ட் சியென்னா, ‘பிக்மென்ட் பிரவுன்’ 7 அல்லது ‘பிக்மென்ட் ரெட்’ 101

ஏன் ஒவ்வொன்றிலும் இரண்டு? எலுமிச்சை மஞ்சளும் தாலோ நீலமும் சேர்ந்தால் இளம் நாற்றின் பளிச் பச்சை வரும். ஆரஞ்சு சாயல் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் முற்றிய இலையின் அடங்கிய பச்சை வரும். ரோஸும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கத்திரிப்பூ ஊதா. ரோஸுக்குப் பதில் ஆரஞ்சு சாயல் சிவப்பைப் போட்டால் அந்த ஊதா வராது, மங்கிய பழுப்புதான் வரும்.

கறுப்பு டியூப்கூட அவசியம் இல்லை. அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியென்னாவைக் கலந்தால் மழை மேகத்தின் சாம்பல் நிறத்தில் இருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரை கிடைக்கும். வெள்ளைக்குப் பேப்பரையே விட்டுவைப்பதுதான் வாட்டர் கலர் முறை.

இந்த 8-ல் சில விலை குறைந்தவை. அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானில் கிடைத்த நீலக்கல்லைப் பொடித்து எடுக்கப்பட்டது. 19-ம் நூற்றாண்டில் ஆலையில் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப் பொடி இருக்கிறதே, காலங்காலமாக அதில் பயன்பட்டதும் இதே நிறமிதான்.

டியூப்பா, கேக்கா?

டியூப்: பெரிய அளவில் வரைபவர்களுக்கு வசதி. வானம் போன்ற அகலமான இடத்துக்குச் சட்டென்று நிறைய கலர் கரைத்துக்கொள்ளலாம். பாலெட்டில் பிதுக்கியது காய்ந்துவிட்டால் கழுவிக் கொட்டாதீங்க. தண்ணீர் தொட்டால் மறுபடி கரையும். டியூப்பே காய்ந்துவிட்டாலும், வெட்டித் திறந்து உள்ளே இருப்பதைப் பயன்படுத்தலாம்.

கேக்: பையில் போட்டு எடுத்துப் போகலாம். கோயில், கடற்கரை, சந்தை என்று நேரில் உட்கார்ந்து வரைய ஏற்றது. சிறு பிள்ளைகளுக்கும் சிந்தாமல் இருக்கும். ஆனால் பெரிய பிரஷ்ஷை இதில் தேய்த்தால் பிரஷ் சீக்கிரம் வீணாகும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், தேன் சேர்த்த பெயின்ட் முழுதாகக் காயாமல் பிசுபிசுப்பாக இருக்கலாம். எந்த செட்டாக இருந்தாலும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வரைந்து முடித்ததும் நன்றாகக் காய விட்டு, பிறகு மூடி வையுங்க.

விலையை ஒப்பிடுவது எப்படி?

செட் விலையைப் பார்க்காமல், ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பாருங்க. 5 மில்லி டியூப் 12 இருந்தால் மொத்தம் 60 மில்லி. செட் விலையை 60-ஆல் வகுத்தால் உண்மையான விலை தெரிந்துவிடும். டியூப்பை டியூப்போடும், கேக்கைக் கேக்கோடும் மட்டும் ஒப்பிடுங்க. பிரஷ், ஸ்பாஞ்ச், மரப்பெட்டி என்று இலவசமாகக் கொடுத்தால் அதன் செலவும் உங்க காசில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்கு எது சரி?

- 8 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள்: நச்சு இல்லாதது என்று குறிப்பிட்ட, 12 கலர் கேக் செட் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை.
- ஓவிய வகுப்பு மாணவர்கள்: தெரிந்த நிறுவனத்தின் மாணவர் தர 12 டியூப் செட். ‘காசு வேஸ்ட் ஆகுமே’ என்ற பயம் இல்லாமல் பயிற்சி செய்யலாம்.
- சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் சேரும் ஆசை உள்ளவர்கள்: மாணவர் தர செட்டோடு, அதிகம் செலவாகும் மூன்று கலர்களை மட்டும் ஆர்ட்டிஸ்ட் தரத்தில் தனி டியூப்பாக வாங்கலாம். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியென்னா, ஒரு நல்ல மஞ்சள்.
- படம் விற்பவர்கள்: செட் வாங்குவதைத் தவிர்த்து, வெளிச்சம் தாங்கும் கலர்களாகப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குவது நல்லது.

வீட்டிலேயே செய்யலாம் 5 சோதனை

1. நீர்த்தல் சோதனை: கெட்டியான கலரில் தொடங்கி, தண்ணீர் சேர்த்துக்கொண்டே ஒரு பட்டை பூசுங்க. திட்டுத் திட்டாக இல்லாமல் சீராக வெளிறிக்கொண்டே போனால் நல்ல பெயின்ட். அல்ட்ராமரைன் போன்ற சில நிறமிகள் இயல்பாகவே மணல் மணலாகப் படியும், அது குறை இல்லை.
2. கோட்டுச் சோதனை: தண்ணீரில் கரையாத கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் மேலே பூசுங்க. கோட்டின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால், ஒன்று அது இயல்பிலேயே மறைக்கும் நிறமி, இல்லையென்றால் நிரப்புப் பொடி அதிகம். எல்லாக் கலரிலும் அப்படித் தெரிந்தால் செட்டே சரியில்லை.
3. விரல் சோதனை: காய்ந்த பிறகு விரலால் மெல்லத் தேயுங்க. பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை.
4. மறுஈரச் சோதனை: பாலெட்டில் இரண்டு நாள் காய விட்டு, ஈர பிரஷ்ஷால் தொடுங்க. சுலபமாகக் கரைந்து வர வேண்டும்.
5. வெயில் சோதனை: ஒவ்வொரு கலரிலும் ஒரு பட்டை பூசி, பாதியை அலுமினியத் தாளால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்க. இரண்டு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கலர் ஏமாற்றும் என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

பேப்பரையும் கவனிங்க

நல்ல பெயின்ட் வாங்கிவிட்டு சாதாரண டிராயிங் நோட்டில் பூசினால் பயன் இல்லை. தண்ணீர் பட்டதும் மெல்லிய பேப்பர் சுருண்டு, கலர் பள்ளங்களில் தேங்கிவிடும். 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் பேப்பர் வாங்குங்க. பருத்தி இழையால் ஆன பேப்பர் சிறந்தது, விலையும் அதிகம். பட்ஜெட் குறைவு என்றால் பெயின்ட்டில் கலர்களைக் குறைத்து, அந்தக் காசைப் பேப்பருக்கு ஒதுக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்மியம், கோபால்ட் கலர்கள் ஆபத்தா?
காட்மியம், கோபால்ட் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. முனை கூராக வேண்டும் என்று பிரஷ்ஷை வாயில் வைக்கும் பழக்கத்தை விடணும். ஸ்ப்ரே செய்யக் கூடாது. டீ கிளாஸை பிரஷ் கழுவப் பயன்படுத்த வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு இந்த நிறமிகள் உள்ள கலர்களைக் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டு கம்பெனி பெயின்ட்டைக் கலக்கலாமா?
தாராளமாகக் கலக்கலாம். அடிப்படைப் பிசின் பொதுவாக ஒன்றுதான்.

ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?
டியூப்பின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்க. நிறமிக் குறியீடும் வெளிச்சம் தாங்கும் அளவும் எங்குமே இல்லை என்றால், அது எவ்வளவு கலர் கொண்ட செட்டாக இருந்தாலும் பயிற்சிக்கு மட்டும்தான்.

பழைய செட் வீட்டில் இருக்கு, தூக்கிப் போடணுமா?
வேண்டாம். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் கலர் கலக்கிப் பழக அதுவே போதும். மேலே சொன்ன சோதனைகளை அதில் செய்து பாருங்க. தேறும் கலர்களை வைத்துக்கொண்டு, தேறாதவற்றுக்கு மட்டும் தனி டியூப் வாங்கினால் போதும். முழு செட் வாங்கும் செலவு மிச்சம்.